முதல் படியேறிய மீன்

அணைக்கு அடியில் இருக்கும் சின்ன அறைக்குள் பச்சை வெளிச்சம் தண்ணீரோடு சேர்ந்து அசைகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முட்டையிட மேலாற்றுக்குப் போகும் மீன்கள் அணை ஏற அவன் மனைவி கட்டிய படிக்கட்டு. இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்கள். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து அவள் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறாள். நுரையைக் கிழித்துக்கொண்டு முதல் மீன் வருகிறது. அறையே கை தட்டுகிறது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாலருகே அந்த மஞ்சள் கோடு. எங்கிருந்தோ வந்து, கீழாற்றில் இருந்த குஞ்சு குளுவான்களையெல்லாம் தின்று தீர்த்த மீன் அது. அது இன்னும் பரவுமா என்று ஆராய்ந்து சொல்வதுதான் அவன் உத்தியோகம். "அணையைத் தாண்டவே தாண்டாது" என்று அடித்துச் சொன்ன மேதாவியும் அவனேதான். அன்றைக்கு இந்தப் படிக்கட்டின் வரைபடம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே விரிந்து கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் தட்டை வைத்துச் சாப்பிட்டான்.

அவள் திரும்புகிறாள். கண் கலங்கியிருக்கிறது.

"என்னங்க, நம்ம ஆத்து மீன்தானே?"

"ஆமாம்மா. நம்மதுதான்."

சொன்ன வாய் கூசுகிறது. முட்டை நிறைந்து புடைத்த வயிறு கண்ணாடியில் உரச, மீன் அடுத்த படிக்குத் தாவுகிறது. அவள் கை தட்டுகிறாள். அவனும் தட்டுகிறான், எல்லாரையும்விடச் சத்தமாக.