கர்னல் ஜெயித்த சண்டைகள்

"இந்தச் சேவல் இதுவரை எத்தனை சண்டை போட்டிருக்கிறது?"

நீதிபதியம்மா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொன்னார். சேவலுக்குச் சொந்தக்காரன் எலிகியோ பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

அங்கே அமெரிக்காவின் பேட்டர்சன் நகரத்தில் குடியேறிய டொமினிக்கன் நாட்டுக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடிவெட்டும் ஃபாஸ்டோ கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தான். ஆறுதலுக்கு வந்ததாகத்தான் பேச்சு. வேடிக்கை பார்க்க வந்தது அவர்கள் போட்டிருந்த இஸ்திரிச் சட்டையிலேயே தெரிந்தது.

முன்வரிசையில் எலிகியோவின் மனைவி நூரிஸ், கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள்.

'குற்றத்தை ஒத்துக்கொண்டால் சின்ன அபராதத்தோடு போகலாம்' என்று அரசு வக்கீல் ஆசை காட்டியிருந்தார். தெருவே ஒத்துக்கச் சொன்னது. நூரிஸ் மட்டும்தான் தங்கள் வக்கீல் பெண்ணை விடாமல் குடைந்து கேட்டாள்.

சேவல்கட்டு என்று ஒரு தண்டனை பதிவானால் இந்தக் கட்டடத்தில் அபராதம். குடியேற்றத் துறைக் கட்டடத்தில் கிரீன் கார்டுக்கே வேட்டு. அப்புறம் சொந்த நாட்டுச் சாண்டோ டொமிங்கோவுக்கு விமானம், போக மட்டும். பிள்ளைகள் இங்கே, அப்பன் அங்கே.

ஃபாஸ்டோ கடையில் எலிகியோ அடித்த சவடாலை யாரோ போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். அந்த ஊரில் போலீசும் இருந்தது. அதைத்தான் சற்று முன் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள்.

"என் கர்னல் களத்துல இறங்குனா ரெண்டாவது கொத்துக்கு வேலையே இல்ல. எதிராளி சேவலு அன்னிக்கே சூப்பு!"

பின்வரிசை பெருமையில் நிமிர்ந்தது.

கர்னல் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது ஃபாஸ்டோ பக்கத்து ஆளை இடித்தான். "பாத்தியா? ஒருத்தனாலயும் கிட்ட நெருங்க முடியல!"

நம் ஆட்களிடம் மாமியாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சேர்ந்து சிரிப்பார்கள். சேவலை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

நூரிஸ் எலிகியோவையே பார்த்தாள். சொல்லித் தொலை என்றது அந்தப் பார்வை.

எலிகியோ நீதிபதியம்மா பக்கம் திரும்பினான்.

"ஒண்ணுகூட இல்லீங்கம்மா. அது பயந்தாங்கொள்ளிச் சேவல். பக்கத்து வீட்டுப் பூனை தும்முனாலே என் காலுக்கு நடுவுல வந்து பூந்துக்கும். பொட்டைக்கோழிங்க கொத்தும், வாங்கிக்கும். கடையில சொன்னது பூராப் பொய்."

மொழிபெயர்ப்பாளர் பூனையின் தும்மலை முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொல்லப் படாத பாடு பட்டார்.

சவடால் அடிப்பது இந்த மாநிலத்தில் குற்றமில்லை என்றார் நீதிபதியம்மா. வழக்கு தள்ளுபடி.

வராந்தாவுக்கு வந்ததுமே எலிகியோவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

"எப்பா, என்னா நடிப்புடா மச்சான்!" ஃபாஸ்டோவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நம்ம கர்னலப் போயி அப்படிச் சொல்ல உனக்கு எப்படிடா நாக்கு வந்துச்சு? புள்ளைங்களுக்காக மானத்தையே வித்துட்டியே!"

"என்ன செய்ய, குடும்பஸ்தன்டா நான்" என்று தோள்மேல் இருந்தபடியே எலிகியோ அடக்கமாகத் தலைகுனிந்தான்.

படிக்கட்டில் இறங்கி முடிப்பதற்குள் கர்னல் இன்னும் மூன்று சண்டை ஜெயித்திருந்தது.

நூரிஸ் கடைசியாக வந்தாள். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

எலிகியோ சத்தியம் செய்துவிட்டுச் சொன்னதில் ஒரே ஒரு பொய்தான் இருந்தது. பூனை வந்தால் கர்னல் ஓடி ஒளிவது அவன் காலுக்கு நடுவில் இல்லை, அவள் பாவாடைக்குப் பின்னால். அங்கே அதற்கு முன்பே அவன் நின்றுகொண்டிருப்பான்.