ஓட விட்டுப் பாருங்க

"படுத்திருந்தா எல்லார் நெஞ்சும் ஒழுங்காத்தான் அடிக்கும். இவளை ஓட விட்டுப் பாருங்க டாக்டர்" என்றாள் மாமியார்.

மருமகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்லை' என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

நேற்று மழை வந்ததும் மொட்டை மாடித் துணிகளை எடுக்க ஓடியவள் படியிலேயே மயங்கி விழுந்தாள். கண் விழித்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "உன்னை யாருடி ஓடச் சொன்னது?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். 'மெதுவா நட. பொம்பளைக்கு என்ன ஓட்டம்?' வேகமாக நடந்தால்கூடக் குற்றம். அப்படிப்பட்டவள் இன்று ஓட விடச் சொல்கிறாள். குறை கண்டுபிடித்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பத்தான், வேறு எதற்கு?

"அவங்க கேக்கிறதும் சரிதாம்மா" என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவை துடிச்சதும், இதயத்துல ஓடின கரண்ட் அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். வேகமாத் துடிச்சா அந்த நேரமும் குறையணும். சில பேருக்குக் குறையாது. ஓடும்போதுதான் அது வெளியே தெரியும்."

"குறையலைன்னா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஆபத்துதான். ஆனா மாத்திரை இருக்கு. பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்."

ஆபத்து என்ற சொல்லுக்குப் பிறகு அவள் காதில் எதுவும் விழவில்லை. அவள் அண்ணன், பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன், ஏறுவதற்குள் விழுந்து செத்தான். காய்ச்சலில் போனான் என்று சொல்லித்தான் அம்மா இந்தச் சம்பந்தத்தை முடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடும் இயந்திரத்தில் ஏற்றினார்கள். காலடியில் பட்டை நகர்ந்தது. முதலில் நடை. பிறகு ஓட்டம். மாமியார் துடிப்பு ஓடிய திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணனைப் போல இங்கேயே விழுந்துவிடுவோமா என்று பயம். விழாமல் குட்டு வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயம்.

இயந்திரம் நின்றது. டாக்டர் காகிதத்தில் விரலை ஓட்டினார்.

"குறைய வேண்டிய நேரம் குறையலை. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சது. தினமும் மாத்திரை போடணும். ஓட்டம் கூடவே கூடாது. உங்க குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ அண்ணன்" என்றாள் மாமியார். "பஸ்ஸுக்கு ஓடும்போது."

"அத்தை... உங்களுக்கு எப்படி..."

"பொண்ணெடுக்கிறவ விசாரிக்காமலா இருப்பா? நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நேத்து நீ விழுந்ததும் என் உசிரே என்கிட்ட இல்லை."

மாமியார் கைக்குட்டையை எடுத்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"வந்த நாள்லேர்ந்து ஓடாதே, ஓடாதேன்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீ என்னடான்னா, மாமியார் நிம்மதியா நடக்கக்கூட விடமாட்டேங்கிறான்னு உங்கம்மாகிட்ட போன்ல அழறே."