கற்பூரப் பஞ்சம்

“என்னங்க, கோயில் கற்பூரத்தையா சாக்கடையில கொட்டுறீங்க?”

மனைவி மீனம்மா கத்தியதும் பூசாரி நாகமுத்து காலி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“சத்தம் போடாத லா! நாளைக்குச் சத்தியம் பண்ணணும், மறந்துட்டியா?”

தொண்ணூற்றாறாம் வருஷம். ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலை இடித்துச் சாலை போடுவதாக அரசாங்கம் சொல்லிவிட்டது. அது சொன்னால் சொன்னதுதான்; மனு எழுதினால் பதில்கூட வராது. புல்டோசர் முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று கோயில் கமிட்டியின் நாலு பேரும் ரகசியமாகப் பேசினார்கள். மறுநாளே போலீஸ் வந்து மிரட்டியது. நாலு பேரில் எவனோ சொல்லியிருக்கிறான்.

தலைவர் அப்புசாமி கொதித்தார். “வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தனும் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணணும்!”

போலீஸிடம் சொன்னது நாகமுத்துதான். ‘விவரம் வரலைன்னா கேஸே இல்லாம ரெண்டு வருஷம் உள்ளே’ என்று இன்ஸ்பெக்டர் மிரட்டியிருந்தான். பயந்தால் பூசாரிக்கும் வாய் திறந்துகொள்ளும்.

“நான்தான்னு சொன்னா ஊரு தோலை உரிச்சிரும். இல்லைன்னு எரியிற கற்பூரத்துல அடிச்சா முனியாண்டி விடுவானா? இருபது வருஷமா அவனுக்குச் சுருட்டு வச்ச கை புள்ள இது!”

“கமிட்டிக்காரங்க கடையில வாங்கிட்டு வந்துட்டா?”

“அதான் ஜாசின் டவுனுக்குக் கிளம்புறேன். அங்க இருக்கிறதையும் மொத்தமா வாங்கிரணும்.”

“நல்ல பக்தி!” என்று மீனம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கி, மங்களத்தின் மளிகைக் கடைக்குள் நுழைந்தார்கள்.

“கற்பூரம் எவ்வளவு இருந்தாலும் கொடும்மா.”

மங்களம் சிரித்துவிட்டாள். “உங்க தோட்டத்து ஆளுங்களுக்கு இன்னைக்கு என்னதான் ஆச்சு அண்ணே? முதல் பஸ்ஸுல தலைவர் அப்புசாமி வந்தாரு. இருந்த ரெண்டு பெட்டியையும் வாங்கி, பின்னாடி கால்வாயில கொட்டிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. அடுத்து செயலாளர் சின்னத்தம்பி. எதிர்க்கடையில இருந்ததை வாங்கி அவரும் அங்கயேதான் கொட்டுனாரு. பொருளாளர் ஹரிதாஸ் பாவம், ரெண்டு கடையிலயும் இல்லைன்னதும் பக்கத்து டவுன் மெர்லிமாவுக்குப் பஸ் ஏறிட்டாரு.”

நாகமுத்து வாயைப் பிளந்தார்.

மீனம்மா அவர் காதோரம் மெல்லச் சொன்னாள். “பேசாம நாளைக்குக் கூட்டத்தைப் போலீஸ் ஸ்டேஷன்லயே வச்சுக்குங்க. நாலு பேரும் தனித்தனியா அங்க போற பஸ் காசாவது மிச்சம்!”