நனைச்சுக் காட்டுங்க

"சாயம் போகுமா?"

மூன்றாவது முறையாக அதே கேள்வி. அதே ஆள். 'முல்லைக்கொடி 77' என்று ஒரு ஐடி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.

செல்போனுக்கு முன்னால் நின்று சிவப்புச் சுங்கடிச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த ஆயிஷா சித்திகா, சிரிப்பை விடாமல் பதில் சொன்னாள்.

"போகாதுக்கா. நானே துவைச்சுப் பாத்துட்டேன். நம்ம ஆயிஷா சுங்கடி கேரண்டி! வேணுங்கிறவங்க புக்குன்னு போடுங்க."

புக், புக், புக் என்று பதினோரு பேர் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால லைவ். முந்நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை சேல்ஸ் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கிய நாலு மாதத்தில் இவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை. இந்த ஐம்பது சேலையும் இன்றைக்கு ஓடாவிட்டால் திங்கட்கிழமை பழைய கடை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"நனைச்சுக் காட்டுங்க." மறுபடியும் முல்லைக்கொடி.

ஆயிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனுக்குப் பின்னால் உட்கார்ந்து புக்கிங் எழுதிக்கொண்டிருந்த அவள் கணவன் யாசீனுக்கு அதைவிட.

மைக்கைப் பொத்திக்கொண்டு, "பிளாக் பண்ணிரவா?" என்றான். "எவளோ போட்டிக்காரி. வயித்தெரிச்சல்ல உக்காந்துருக்கா."

"வேணாங்க. பிளாக் பண்ணுனா பாக்குறவங்க என்னமோ இருக்குன்னு நெனைப்பாங்க."

அதற்குள் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'அவங்க கேக்குறதும் சரிதானே', 'காட்டுங்க சிஸ்டர்', 'நனைச்சுக் காட்டுனா எனக்கு ரெண்டு'.

"வாளியில தண்ணி கொண்டாங்க" என்றாள் ஆயிஷா.

யாசீன் எழுந்திருக்கவில்லை. மறுபடி மைக்கைப் பொத்தினான். "இந்த லாட்டு காலைலதான வந்து இறங்குச்சு? நீ எப்பத் துவைச்ச?"

துவைக்கவில்லைதான். போன மாதம் வந்த லாட்டைத் துவைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சாயம் போகவில்லை. அந்தத் தைரியம். மற்றபடி, ஆறு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவளுக்கு 'துவைச்சுப் பாத்துட்டேன்' என்பது தானாக வாயில் வருகிற வார்த்தை.

"அதே சாயப்பட்டறைச் சரக்குதான? கொண்டாங்க."

வாளி வந்தது. போனைத் தாழ்த்தி வைத்துவிட்டு, சிவப்புச் சேலையின் முந்தானையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். நிமிர்ந்து, ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தாள்.

"பாத்துக்கங்க முல்லைக்கொடி அக்கா! இப்ப என்ன சொல்றீங்க?"

யாசீன் வாளியைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஆயிஷாவும் குனிந்தாள்.

தண்ணீர், பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

'ஐயய்யே!' 'கேரண்டியாம் கேரண்டி.' 'என் புக்கிங் கேன்சல்.' 'ஃபிராடு.' திரையில் கமெண்டுகள் சரசரவென்று ஓடின.

"ஆஃப் பண்ணு" என்று யாசீன் மைக்கைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினான். "நெட்டு போயிருச்சுன்னு பெறகு சொல்லிக்கலாம்."

ஆயிஷாவின் கை போனுக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஒரு தொடு தொட்டால் போதும். ஆயிஷா தொடவில்லை. போனை நிமிர்த்தி வைத்தாள்.

"அக்காமாருகளே, நான் பொய் சொல்லிட்டேன். இந்த லாட்டை நான் துவைச்சுப் பாக்கல. இது காலைலதான் வந்துச்சு. இதை நான் விக்க மாட்டேன். எல்லாப் புக்கிங்கையும் நானே கேன்சல் பண்ணுறேன். மன்னிச்சுக்கங்க."

லைவை முடித்தாள். கடைசியாகப் பார்த்தபோது நாற்பத்தாறு பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அதில் ஒருத்தி, 'நல்ல லாட்டு வந்தா சொல்லுங்க' என்று போட்டிருந்தாள்.

யாசீனுக்கு ஆறவில்லை. "அம்புட்டுப் பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டா! தனியா ஒரு மெசேஜ் போட்டுருக்கலாம்ல? அவ யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

கண்டுபிடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஆர்டர் நம்பருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கீழே, 'முல்லைக்கொடி' என்று எழுதியிருந்தது.

"போடு. என்னதான் கொக்கரிக்கிறான்னு கேப்போம்" என்றான்.

ஒரு பெண் குரல். பயந்து பயந்து, அடங்கிப் பேசியது.

"கோவிச்சுக்காத தாயி. நீ விறுவிறுன்னு வித்துக்கிட்டு இருந்த. தனியா மெசேஜ் போட்டா நீ பாக்குறதுக்குள்ள அம்பதும் போயிருக்கும். அம்பது வீட்டுலயும் உன் பேருதான நாறும்? அதான் எல்லாரு முன்னாடியும் கேட்டேன். நீ மறைக்காம ஒத்துக்கிட்டதப் பாத்த பெறகுதான் இதைச் சொல்லவே எனக்குத் தைரியம் வந்துச்சு. அந்த லாட்டைச் சரியா அலசவே இல்ல. அவசரம்னு அப்புடியே காயப் போட்டுட்டாக."

யாசீன் படக்கென்று நிறுத்தினான். "இது இவளுக்கு எப்புடித் தெரியும்?"

ஆயிஷா மறுபடி ஓடவிட்டாள்.

"நான் சொன்னேன்னு பட்டறையில மட்டும் சொல்லிராத, என் பொழப்பு போயிரும். அந்தச் சேலைக்குச் சாயம் முக்குனதே நான்தாம்மா."