பத்தாவது முடிச்சு

சாலையைக் கடக்கும்போது பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு முடிச்சாகக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "செருப்பு கழண்டா ரெண்டு தரம் இழுங்க, நான் நின்னுடுவேன்" என்று சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான். போன மாதம் கடைசி முடிச்சிலிருந்த வாலுப்பயல் இழுத்தான். சும்மா சேட்டை பண்ணுகிறான் என்று அவள் திரும்பாமலே நடந்தாள். செருப்பை எடுக்கக் குனிந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது.

இன்று ஒன்பது பிள்ளைகள். சாலையில் கால் வைத்ததும் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டுச் செருப்புகளும் காலில்தான் இருந்தன. தரையில் கிடக்க வேண்டிய பத்தாவது முடிச்சு, ஒரு குழந்தையின் கை உயரத்தில் விறைப்பாக நின்றது.

"என்ன டீச்சர், நின்னுட்டீங்க?" என்றாள் ஒன்பதாவது முடிச்சுக்காரி.

டீச்சர் கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தினாள்.

"அவசரமில்லடா கண்ணு," என்றாள். "மெதுவா போட்டுக்க."