ஆறு மணிப் பாங்கு

கிள்ளானில் தன் சாப்பாட்டுக் கடைக்குள், போனைக் காதில் வைத்தபடி தாவூத் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஆறு மாசம் நாடு நாடா சுத்தப் போறியா? செலவுக்கு?"

"போற இடத்துல ஹாஸ்டல்ல வேலை பார்ப்பேன் வாப்பா. தங்கறது ஃப்ரீ லா."

"என்ன வேலை?"

"பாத்திரம் கழுவறது..."

"நம்ம கடையில ஒரு கிளாஸ் கழுவியிருப்பியாடா? நான் சம்மதிச்சாத்தான் கிளம்பணும். இப்ப எங்க இருக்கே?"

"அம்பாங் ரூம்லதான். சும்மா பிளான் போட்டுக்கிட்டிருக்கேன்."

மகன் ஆஷிக்கின் குரலுக்குப் பின்னால் தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. தாவூத் நின்றுவிட்டார். கடிகாரத்தில் மணி மாலை ஆறு பத்து. பிற்பகல் தொழுகையான அசர் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அம்பாங்கிலும் இந்த நேரத்தில் யாரும் பாங்கு சொல்ல மாட்டார்கள்.

"அங்க இப்பத்தான் மத்தியானத் தொழுகை நேரமாடா?"

அந்தப் பக்கம் ஆஷிக் அவசரமாக ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"முதல்ல போய்த் தொழு," என்றார் தாவூத். "அப்புறம் போன் பண்ணி, எந்த நாடுன்னு சொல்லு."