கடைசிப் பாயில் இருந்தவர்

"அந்த ஆளை ஆர் பாஸ்டர் உள்ளுக்கு விட்டது?"

ஆராதனை முடிந்து சனம் கலைந்ததும் முத்துலிங்கம் கேட்டார். அவர் சபையின் மூப்பர். முழங்கால் ஒப்பரேசனுக்காக வவுனியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர், மழைக்காலம் முழுக்க ஜெயபுரம் பக்கமே வரவில்லை. வெள்ளத்தில் சபைக் கட்டடம் இடிந்ததும், ஆராதனை பக்கத்து ஊரில் ஏதோ ஒரு மண்டபத்தில் நடப்பதும் போனில் கேள்விப்பட்டதுதான். இன்று காலை மருமகன் ஓட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டிருந்தார்.

"எந்த ஆள் அண்ணை?" பாஸ்டர் தயாபரன் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பாயில இருந்தவர். நெத்தி முட்டத் திருநீறு. நாங்கள் ஜெபிக்கேக்க அவரும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்."

"ஓ, வீரையா அண்ணையோ. எங்கட பாட்டுகள் அவருக்கு நல்ல விருப்பம்."

"விருப்பமெண்டால் ரேடியோவில கேக்கட்டும். இது ஆராதனை."

பாஸ்டர் சிரித்தார். தனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்து கஞ்சி பருக்கிய மனிதர் இவர். இவரோடு எப்படிக் கோபிப்பது?

"அண்ணை, இயேசு சமாரியப் பொம்பிளையிட்டத் தண்ணி கேட்டவர்தானே? அவா எந்தக் கூட்டமெண்டு பாக்கேல்லையே."

"கேட்டவர். ஆனா அவாவின்ர வாழ்க்கை பிழையெண்டும் முகத்துக்கு நேர சொன்னவர். ஆரும் எப்பிடியும் இருக்கலாமெண்டு வேதம் எங்கயும் சொல்லேல்லை. யோவான்ர நிருபத்தைப் பாருங்கோ. வேற உபதேசத்தோட வாறவனை வீட்டுக்குள்ளயே எடுக்க வேண்டாமெண்டு இருக்கு."

"இருக்கு. நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்." பாஸ்டர் சுருட்டிய பாயைச் சுவரோடு சாத்தினார். "அன்பாயிருங்கோ எண்டு திருப்பித் திருப்பி எழுதினதும் அதே யோவான்தான். ரெண்டையும் சேத்து வாசிக்கேக்க எனக்கும் தடுமாறும், அண்ணை."

"தடுமாற என்ன இருக்கு? எழுதினபடி செய்யவேண்டியதுதானே."

அந்த நேரம் வீரையாவே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, ஒப்பரேசன் செய்த காலோட நிண்டு கதைக்கிறியள். இதில இருங்கோ. தேத்தண்ணி கொண்டு வாறன்."

முத்துலிங்கம் மெல்ல உட்கார்ந்தார். வீரையா வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல மனுசன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கட பிள்ளையள் குழம்பிப் போகுங்கள், பாஸ்டர். உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன். வாற ஞாயிறு ஆராதனை தொடங்கினதும் கதவைப் பூட்டிப் போடுங்கோ."

பாஸ்டர் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். வலிக்கிற முழங்காலில் மெதுவாகக் கையை வைத்தார்.

"பூட்டலாம் அண்ணை. ஆனா பூட்டுத் திறப்பை வீரையா அண்ணையிட்டத்தான் கேக்கவேணும். வெள்ளத்தில நாங்கள் தெருவில நிக்கேக்க, இந்தப் பிள்ளையார் கோயில் அன்னதான மடத்தை எங்களுக்குத் திறந்துவிட்ட பூசாரியார் அவர்தான்."